அம்மா ஏன் கைதட்டக்கூடாது?

2024 நவம்பர் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை 'விக்கட்' படத்துக்கு அழைத்துப் போனேன். ஆங்கிலப் படத்துக்கு அம்மா வருவது அபூர்வம். மிஷேல் இயோ நடித்திருக்கிறார் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆஸ்கர் வாங்கிய மிஷேல் இயோ அவருக்கு எப்போதும் 'நம்ம ஈப்போ பொண்ணு'தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. மூன்றாம் படிவம்வரை மலாயில் படித்தவர் என்பதால், திரைக்குக் கீழே ஓடும் மலாய் வரிகளை வாசித்துக்கொண்டே படம் பார்ப்பார். கதை அவருக்குப் புரியாமல் இல்லை. பச்சைத் தோலோடு பிறந்துவிட்டதால் பெற்ற அப்பாவே வெறுக்கும் பெண் எல்ஃபபா. தங்கைக்குத் துணையாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள். வந்த இடத்தில் அவளிடம் இருக்கும் மாயசக்தியை மிஷேல் இயோவின் பாத்திரம் கண்டுகொள்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பாராட்டுகிறார். உடனே அவள் தனியாகப் பாடத் தொடங்குகிறாள். நாட்டின் பெரிய மந்திரவாதியை ஒருநாள் பார்ப்பேன், அன்று எல்லாம் மாறிவிடும் என்று பாடிக்கொண்டே ஓடுகிறாள். சிந்தியா எரிவோவின் குரல் ஏறிக்கொண்டே போய் ஒரு மலை விளிம்பில் முடிகிறது.

முடிந்த அந்த நொடியில் அம்மா கைதட்டினார்.

நாலைந்து தட்டுதான் இருக்கும். அரங்கம் முழுக்க அது மட்டும்தான் கேட்டது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னாலிருந்து 'ஷ்ஷ்' என்றது ஒரு குரல். நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். "மா, தட்டாத," என்றேன். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில்தான் கேட்டார்.

"ஏய்யா, அந்தப் பொண்ணு நல்லா பாடுச்சு, தட்டுனேன். அதுல என்னா தப்பு?"

"அது படம்மா. தட்டுனா அவங்களுக்குக் கேக்காது."

"அவங்களுக்குக் கேக்காட்டி என்னா? நமக்குக் கேக்குதுல்ல?"

என்னிடம் பதில் இல்லை. வீடு வந்து சேரும்வரை வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தேன். ஓராண்டுக்கும் மேல் இது எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்று அநாகரிகமாக நடந்துகொண்டது அம்மா இல்லை, நான்தான் என்பது என் கட்சி. அதை இங்கே வாதமாகவே வைக்கிறேன்.

அந்த நாட்களில் இணையத்தில் நடந்த சண்டை பலருக்கும் நினைவிருக்கும். 'விக்கட்' பார்க்கப் போன ரசிகர்கள் படத்தோடு சேர்ந்து பாடினார்கள். பாடலாமா, கூடாதா என்று உலகமே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அமெரிக்காவின் ஏஎம்சி திரையரங்குகள் படத்துக்கு முன்னால் 'பாடாதீர்கள்' என்று அறிவிப்பே போட்டன. பிறகு டிசம்பர் 25 முதல் சேர்ந்து பாடுவதற்கென்றே தனிக் காட்சிகள் வந்தன. என் முகநூலில் இருந்த தமிழ் நண்பர்கள் பெரும்பாலும் 'கூடாது' கட்சி. 'காசு கொடுத்தது சிந்தியா எரிவோவைக் கேட்க, உன்னைக் கேட்க இல்ல' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நானும் விருப்பக்குறி போட்டிருக்கிறேன்.

எங்கள் மாமாக் கடை வட்டத்தில் இன்னொரு கட்சி உண்டு. அவர்கள் இலக்கியம் படிப்பவர்கள். "மியூசிக்கல் எல்லாம் ஒரு கலையாடா? சந்தோசம்னாலும் பாடுறான், சாவும்போதும் பாடுறான்," என்று தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 'லெ மிசராப்ள' படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதைப் பெருமையாகச் சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். எல்லா வசனத்தையும் பாட்டாகவே பேசுவது அவருக்குக் கேலிக்கூத்தாகத் தெரிந்ததாம்.

இந்த இரண்டு கட்சிக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மேடைக்காக எழுதப்பட்ட இசை நாடகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இரண்டு பேரும் பேசுகிறீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஆனால், தெரிந்திருக்க வேண்டிய ஓர் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கூடாயில் பொறியியல் படித்தபோது எங்கள் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் கலையிரவு நடத்துவார்கள். எனக்கு நடிக்க வராது, பாடவும் வராது. மின்பொறியியல் மாணவன் என்பதால் விளக்குப் பலகைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் ஓர் எண். பாட்டு முடியும் இடங்களில் மட்டும் எங்கள் இயக்குநர் பென்சிலால் எழுதியிருப்பார்: 'தட்டட்டும். அடங்குனதும் போ.'

ஒத்திகையில் அந்த வரிக்குப் பொருளே கிடையாது. தட்ட ஆள் இல்லை. நிகழ்ச்சி அன்றுதான் புரிந்தது. ஒரு பாட்டுக்குக் கைதட்டல் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நீண்டது. பாடிய பெண் கையை உயர்த்தியபடி அசையாமல் நிற்கிறாள். நான் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இசைக்குழுவும் காத்திருக்கிறது. அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்கு நாடகத்தை நடத்துவது நாங்கள் யாருமே இல்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள்தான்.

பிராட்வேயில் இது தற்செயலாக நடப்பதில்லை. பெரிய பாட்டுகள் பெரும்பாலும் ஒரே அடியில், 'டங்' என்று முடியும். அந்தக் கடைசி அடிக்கு அவர்கள் 'பட்டன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோல பாட்டை அங்கே மாட்டி நிறுத்துகிறார்கள். பாட்டு முடிந்துவிட்டது, இப்போது உங்கள் முறை என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லும் அடி அது. பட்டன் சரியாக விழுந்தால் கை தானாகத் தட்டும். சரியாக விழவில்லை என்றால் இசையமைப்பாளர் அந்த இடத்தைத் திருத்தி எழுதுவார். ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் 'விக்கட்' நாடகத்துக்குப் பாட்டு எழுதியது இந்த மரபில்தான். 2003இல் பிராட்வேயில் தொடங்கிய அந்த நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்ஃபபா முதல்முறை தனியாகப் பாடி முடிக்கும் அந்த இடத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக, இரவுக்கு இரவு, ஜனங்கள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா தட்டியது அதே இடத்தில்தான். பிராட்வே என்றால் என்னவென்று தெரியாத, மலாய் வரியை வாசித்துப் படம் பார்த்த ஒரு பெண்மணிக்கு, எங்கே தட்ட வேண்டும் என்று இசை சரியாகச் சொல்லிவிட்டது. அவரும் சரியாகக் கேட்டுக்கொண்டார். அரங்கத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் அது கேட்டிருக்கும். நாங்கள்தான் அடக்கிக்கொண்டோம்.

இப்போது சினிமாவுக்கு வருவோம். தொழிற்சாலையில் நான் பார்த்துக்கொள்வது சாலிடர் அடுப்புகளை. உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல ஓர் உணரி இருக்கும். அது சொல்வதைக் கேட்டு அடுப்பு சூட்டைக் கூட்டும், குறைக்கும். எச்சரிக்கை வசதி இல்லாத பழைய அடுப்பில் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் அடுப்பு நிற்காது. எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால், உள்ளே போன பலகை வேகிறதா கருகுகிறதா என்று அதற்குத் தெரியாது. மேடை நாடகம் கம்பி மாட்டிய அடுப்பு. சினிமா கம்பி இல்லாதது. அது குறை இல்லை, அதன் இயல்பு. சிக்கல் என்னவென்றால், கம்பியை நம்பி எழுதப்பட்ட ஒன்றை எடுத்துக் கம்பி இல்லாத இடத்தில் வைக்கிறோம். அப்போது பாட்டு முடிந்ததும் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை என்ன செய்வது என்பதுதான் மேடையிலிருந்து படமான ஒவ்வொரு மியூசிக்கலும் தீர்க்க வேண்டிய கணக்கு.

கணக்கைத் தீர்த்தவர்கள் உண்டு. 1966இல் மேடையேறிய 'காபரே'யை 1972இல் பாப் ஃபாஸி படமாக்கினார். மேடையில் பாத்திரங்கள் வீட்டிலும் அறையிலும் பாடிய பாட்டுகளைத் தூக்கிவிட்டார். ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் பெர்லினில் ஓர் இரவு விடுதியின் மேடைக்கே கொண்டுபோனார். இப்போது தட்டுவதற்குப் படத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது. நாம் தட்ட வேண்டியதை அந்த விடுதியில் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் தட்டிவிடுகிறது. படம் 8 ஆஸ்கர் வாங்கியது. 2002இல் வந்த 'சிகாகோ'வும் இதே வழியில் போனது. பாட்டெல்லாம் கதாநாயகி தன் தலைக்குள் காணும் மேடையில் நடக்கின்றன. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

கணக்கைக் கண்டுகொள்ளாதவர்களும் உண்டு. 2012 'லெ மிசரா'ப்ளில் டாம் ஹூப்பர் நடிகர்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாட வைத்தார். காதுக்குள் பியானோ ஒலிக்க, அவர்கள் பாடப் பாடப் பதிவானது. ஆன் ஹாத்தவேயின் பாட்டை விடுதி அறையில் மடிக்கணினியில் பார்த்தேன். கேமரா முகத்தை விட்டு அகலாது. மூச்சு விடுவதுகூடத் தெரியும். பாட்டு முடிகிறது, படம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அந்த மாதிரி இரண்டரை மணி நேரம். என் நண்பர் பாதியில் நிறுத்தியதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அவர்கள் பாடியது அவருக்குப் பிரச்சினை இல்லை. பாட்டுக்கு எதிர்வினை செய்ய அவருக்கு இடமே தரப்படவில்லை. இடம் கிடைக்காத எதிர்வினை கொஞ்ச நேரத்தில் எரிச்சலாகிவிடும்.

அதே ஹூப்பர் 2019இல் 'கேட்ஸ்' எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து உலகம் எப்படிச் சிரித்தது என்று தெரியும். ஜூலையில் முன்னோட்டம் வந்தபோதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பரில் படம் வெளியான சில நாட்களிலேயே கணினி வேலைகளைத் திருத்திய புதிய பிரதியைத் திரையரங்குகளுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மனித முகத்தில் பூனை மயிர் ஒட்டியதுதான் காரணம் என்று எல்லாரும் எழுதினார்கள். அது பாதிக் காரணம்தான். 1981இல் லண்டனில் தொடங்கிய அந்த நாடகத்தில் பூனைகள் மேடையிலேயே நிற்பதில்லை. ஜனங்களுக்கு நடுவே இறங்கி வரும், பக்கத்தில் வந்து முறைத்துப் பார்க்கும். நாடகத்தின் உயிரே அதுதான். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. படத்தின் கடைசியில் ஜூடி டென்ச் நேராகக் கேமராவைப் பார்த்து நமக்கு அறிவுரை பாடுகிறார். மேடையில் அது எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடம் பேசுவது. படத்தில் எதிரில் யாரும் இல்லை. அங்கே சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பார்ப்பவரை நம்பியே எழுதிய ஒன்றில் பார்ப்பவரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மயிர் மட்டும்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் தராத படத்திலும் ஜனங்கள் இடத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். 'கேட்ஸ்' தோற்ற பிறகு சில அரங்குகள் கூச்சல் போட்டுப் பார்க்கும் காட்சிகளை நடத்தின. 1973இல் லண்டன் ராயல் கோர்ட்டில் சின்ன அரங்கு ஒன்றில் தொடங்கிய 'ராக்கி ஹாரர்' 1975இல் படமாகி வந்தபோது ஓடவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கின. பார்க்க வந்தவர்கள் திரையோடு பேசினார்கள், வசனத்துக்கு எதிர்வசனம் கத்தினார்கள், வேடம் போட்டு வந்து திரைக்கு முன்னால் நடித்தார்கள். அந்தப் படம் ஐம்பது ஆண்டாக எங்காவது ஓர் அரங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1965 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'குக்கு லண்டனில் 1999இலிருந்து சேர்ந்து பாடும் காட்சிகள் நடக்கின்றன. கழற்றிவிட்ட கம்பியை ஜனங்கள் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் இவற்றை நான் புரிந்துகொள்கிறேன். 'விக்கட்'டுக்குப் பாடியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

அப்படியானால் எல்லாரும் எப்போது வேண்டுமானாலும் பாடலாமா என்று கேட்பீர்கள். இல்லை. பாட்டு நடக்கும்போது பாடினால் அது பக்கத்தில் இருப்பவரின் காதை மறைக்கிறது. அதற்குத் தனிக் காட்சி வைத்தது நியாயமான தீர்வு. கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பது திருட்டு, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட்டமாகச் சேர்ந்து பாடுவது எப்போதும் அழகானது என்றும் நான் நினைக்கவில்லை. 'காபரே'யில் விடுதிக்கு வெளியே நடக்கும் பாட்டு ஒன்றே ஒன்று. ஒரு மதுத்தோட்டத்தில் நாஜி இளைஞன் ஒருவன் இனிமையாகத் தொடங்குகிறான், சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்துகொள்கிறார்கள். படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான். கைதட்டல் வேறு. அது பாட்டு முடிந்த பிறகு வருகிறது. யாருடைய குரலையும் மறைப்பதில்லை. பாட்டு தன் பங்கை முடித்துவிட்டு நமக்காக விட்ட இடத்தில் நாம் சொல்லும் பதில் அது.

'அடுத்த வசனம் கேட்காமல் போய்விடுமே' என்பது அடுத்த கேள்வி. அது படத்தொகுப்பாளரின் வேலை. மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் 'எ நைட் அட் தி ஓபரா' எடுப்பதற்கு முன்னால் அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டு படத்தில் அதற்கேற்ற இடைவெளி விட்டார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் முடிந்தது இன்று முடியாதா? 'விக்கட்'டின் இயக்குநர் ஜான் எம். சூவுக்கு நேரப் பஞ்சமும் இல்லை. மேடையில் இடைவேளையோடு இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடியும் முழு நாடகத்தின் முதல் பாதியை மட்டும் 160 நிமிடத்துக்கு எடுத்திருக்கிறார். அதில் தட்டுவதற்குப் பத்து விநாடி விட்டிருக்கலாம்.

இதுவரை சொன்னது படம் எடுப்பவர்களுக்கு. இனி சொல்லப்போவது நமக்கு. இங்கேதான் எனக்குக் கூசுகிறது.

2023இல் 'லியோ' வெளியான முதல் நாள் நான் அதே பேரங்காடியில், அதே திரையரங்கில் இருந்தேன். விஜய் வந்த இடத்தில் இருக்கைமேல் ஏறி ஆடினார்கள். காகிதம் பறந்தது. வசனம் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான் விசிலடித்தேன். யாரும் யாரையும் 'ஷ்ஷ்' என்று சொல்லவில்லை. ஓராண்டு கழித்து அதே இடத்தில் அம்மா நாலு தட்டுத் தட்டியதற்கு நான் ஏன் வெட்கப்பட்டேன்?

பதில் எனக்குத் தெரியும். இது ஆங்கிலப் படம். சுற்றி இருந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அங்கே நாம் 'நாகரிகமாக' இருக்க வேண்டும். தமிழ்ப் படத்தில் சத்தம் போடுவது நம் வீட்டு விவகாரம், ஆங்கிலப் படத்தில் சத்தம் போட்டால் 'தோட்டத்துக்காரன்' என்று நினைத்துவிடுவார்கள். அந்தச் சொல் யாரும் சொல்லாமலே என் காதில் கேட்டது. தோட்டத்திலிருந்து வந்த அம்மாவின் கையைத்தான் நான் பிடித்து இறக்கினேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் யாரைப் பார்த்து வெட்கப்பட்டேனோ அவர்களுடைய மரபிலும் மௌனம் இவ்வளவு பழையது இல்லை. 1778இல் பாரிசில் தன் சிம்பொனி அரங்கேறியபோது முதல் பகுதியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதை மொஸார்ட் அப்பாவுக்குக் கடிதமாக எழுதினார். புகாராக இல்லை, பெருமையாக எழுதினார். எந்த இடத்தில் தட்டுவார்கள் என்று தெரிந்தே அந்தப் பகுதியை அவர் எழுதியிருந்தார். அசையாமல் உட்கார்ந்து கேட்பதுதான் பண்பாடு என்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

நம் கதையோ இன்னும் தெளிவானது. கிட்டப்பா பாடினால் 'ஒன்ஸ்மோர்' என்பார்கள். கதை அப்படியே நிற்கும், அவர் திரும்பப் பாடுவார். யாருக்கும் அது அபத்தமாகத் தெரியவில்லை. 1934இல் தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி' மேடையில் பேர் வாங்கிய நாடகம்தான். ஏறத்தாழ 50 பாட்டு. மேடை மியூசிக்கலைப் படமாக்குவது என்று இன்று நாம் ஹாலிவுட்டைப் பார்த்துப் பேசுவதைத் தமிழ் சினிமா தன் முதல் நான்கைந்து வருஷத்திலேயே செய்துகொண்டிருந்தது. நம் நாட்டுக் கதையும் அதேதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பங்சாவான் உருவானது. 1930களில் சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் முதல் மலாய்ப் படமாக 'லைலா மஜ்னுன்' எடுத்தபோது நடிகர்களைப் பங்சாவான் மேடையிலிருந்துதான் கொண்டுவந்தார். சாகும்போதும் பாடுகிறான் என்று கேலி செய்யும் என் மாமாக் கடை நண்பர்களே, உங்கள் தாத்தாவும் பாட்டியும் அப்படிச் செத்தவனுக்கு அழுது, அவனை எழுப்பி இன்னொரு தடவை பாட வைத்தவர்கள்.

என் தாத்தா அப்படிப் பாடியவர். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், மாரியம்மன் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' போட்டால் அவர்தான் வேடன். அம்மா சின்னப் பிள்ளையாக முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் கேட்டபோதுதான் இதைச் சொன்னார். "அப்பா பாடி முடிச்சதும் ஒரு தடவ எங்களப் பார்ப்பாரு. தட்டுனாத்தான் அடுத்ததுக்குப் போவாரு. தட்டலன்னா மொகம் வாடிரும்."

அம்மாவுக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தது அதுதான். பாடி முடித்தவர் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கற்ற நாகரிகம். எல்ஃபபாவின் முகம் மலை விளிம்பில் நின்றபோது அம்மா அதைத்தான் செய்தார். நான் படித்த படிப்பில் அதைவிட மேலான நாகரிகம் எதையும் யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

திரைக்குக் கேட்காதே என்ற என் வாதத்துக்கும் அம்மா அன்றே பதில் சொல்லிவிட்டார். நமக்குக் கேட்கிறது. அரங்கத்தில் நூறு பேர் ஒரே பாட்டில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறோம். யாருக்கும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றித் தெரியாது. ஒருவர் தட்டினால் தெரிந்துவிடும். அது தெரியவே கூடாது என்றால் பேரங்காடிக்கு ஏன் போக வேண்டும்? வீட்டில் காதொலிக் கருவி மாட்டிக்கொண்டு பார்க்கலாமே. திரையரங்குகளில் கூட்டம் குறைகிறது என்று கவலைப்படுபவர்கள்தான் 'ஷ்ஷ்' என்றும் சொல்கிறார்கள்.

2025 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. அம்மாவை அழைத்தேன், வந்தார். கடைசியில் இரண்டு தோழிகளும் பிரியும்போது பாடும் பாட்டில் அழுதார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். மடியில்தான் இருந்தது. என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டார்.

அன்று நான் தட்டியிருக்க வேண்டும். அதற்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம். கை எழவில்லை. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் இவ்வளவு யோசித்த பிறகும் போகவில்லை.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இருட்டில் யாராவது தனியாக நாலு தட்டுத் தட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள். முடிந்தால் நீங்களும் ஒரு தட்டுத் தட்டுங்கள். பக்கத்தில் என்னைப் போல் ஒருவன் தன் அம்மாவின் கையைப் பிடிக்கப் போயிருப்பான். அவன் நிறுத்திக்கொள்வான்.